பேத்திக்கு ஒரு சின்னக் கட்டில்



மகளுக்குச் சிசேரியன். இரவில் குனிந்து பிள்ளையைத் தூக்கினால் தையல் வலிக்கிறது. அதனால் அவள் கட்டிலோடு ஒட்டிப் போடும் சின்னக் கட்டில் பார்க்கப் போனேன். கையில் ஸ்கேல், பழக்கதோஷம்!

கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு கட்டிலையும் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். நடுவில் சந்து விழக் கூடாது. பிள்ளை முட்டிபோட்டு எழத் தொடங்கினால் இந்தக் கட்டிலை நிறுத்திவிட வேண்டும்.

சம்பந்தியம்மா ஆசையாகத் தைத்த கடுகுத் தலையணையை அலமாரியில் வைத்துவிட்டோம். அவருக்கு வருத்தம்தான். ஆனால் பச்சைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வைக்காமலிருப்பதே மூச்சுக்குப் பாதுகாப்பு.

பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். பரிசாகத் தலையணை மட்டும் வேண்டாம்!