பிழைத்த கையும் தண்டமும்

பழங்காநத்தத்திலுள்ள எங்கள் இல்லத்து மாடியினின்று, தெற்கே நிலையத்தில் இறங்கும் ஆகாய விமானங்களைக் காணுந்தோறும் சிக்காகோ நகரத்துச் செய்தியொன்று என் நினைவில் எழும்.

2003-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் இரவு, அந்நகர மேயர் ரிச்சர்டு டேலி, ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையை இயந்திரங்களால் அகழ்ந்து அழிப்பித்தார். 16 விமானங்கள் அங்கேயே சிக்குண்டன. நகரின் பாதுகாப்பே காரணம் என்றார் மேயர். அவ்விடத்தில் பூங்கா அமைத்தலோ அவருடைய நெடுநாள் விருப்பம். மூடுவதற்கு 30 நாள் முன்னறிவிப்புத் தருதல் வேண்டுமென்பது சட்டம். தவறிய நாளொன்றுக்கு 1,100 டாலர் வீதம் மத்திய விமானத்துறை விதித்த அபராதம் 33,000 டாலரே! வழக்காடி ஓய்ந்த நகரம் 2006-இல் அதனைச் செலுத்த இசைந்தது. அழிவு வேலைக்குச் செலவிட்ட விமான நிலையப் பணத்தின்பொருட்டு 10 லட்சம் டாலரைத் திருப்பித் தரவும் உடன்பட்டது. இதற்கிடையே அமெரிக்கப் பேரவை இத்தகைய அபராதத்தை நாளொன்றுக்கு 10,000 டாலராக உயர்த்திற்று.

ஆயினும், அப்பணம் யாருடையது? ஆணையிட்டவர் ஒருவர்; தண்டம் இறுத்தது நகரத்தின் கருவூலம். நள்ளிரவிலே குடிமகன் ஒருவனது கதவைத் தட்டிய பிழைக்காகத் தன் கையையே குறைத்துக்கொண்டான் பொற்கைப் பாண்டியன் என்பது நம் மதுரையின் பழங்கதை. அத்துணைக் கடுமையை இக்காலத்தார் வேண்டார். எனினும், பிழைத்த கையைத் தீண்டாத தண்டம், எத்துணை உயரினும், அக்கையை எங்ஙனம் அடக்கும்?