பனியும் அண்டை வீடும்

பனி பொழிவது வெகு அழகான காட்சி என்று படங்களைப் பார்த்து நாம் எல்லோரும் நம்பியிருக்கிறோம். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால், அந்த அழகு முழங்காலளவு வாசலில் கிடக்கும்போது பால் வாங்கப் போவது எப்படி, குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எப்படி என்பவை வேறு விஷயங்கள். வெவ்வேறு சமயங்களில் மூன்று சீமைகளின் குளிர்காலத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. பனியுடன் குடித்தனம் நடத்தும் பாரத்தை ஓரிடத்தில் வீடும், ஓரிடத்தில் நகரசபையும், ஓரிடத்தில் அண்டை அயலாரும் சுமப்பதைக் கண்டோம்.

காஷ்மீரத்தில் பனிக்கான ஏற்பாடு கோடையிலேயே ஆரம்பமாகிறது. கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி முதலியவற்றை நறுக்கி வெயிலில் உலர்த்தி வைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் சினார் மரத்துச் சருகுகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கிக்கொள்கிறார்கள். டிசம்பர் 21-ந் தேதி ‘சில்லை கலான்’ என்னும் 40 நாள் கடுங்குளிர் பிறக்கிறது. மலைப்பாதை அடைபட்டு லாரிகள் வராமற் போனாலும் வீட்டில் வற்றல் இருக்கிறது. பிரம்புக் கூடைக்குள் பொதிந்த மண்சட்டியில் தணல் இட்ட ‘காங்ரி’, ‘பெரன்’ என்ற நீண்ட அங்கிக்குள் மனிதரோடு கூடவே நடமாடுகிறது. முதல் நாள் அதை அச்சத்துடன் வாங்கிய நமக்கு, மூன்றாம் நாள் அதைவிட்டுப் பிரிய மனம் வரவில்லை.

கானடாவின் மான்ட்ரியால் நகரில் வருஷத்துக்குச் சுமார் 2 மீட்டர் பனி பெய்கிறது. அங்கே பெரும் பொறுப்பு நகரசபையினுடையது. வண்டி நிறுத்தக் கூடாத நேரத்தைக் குறித்து ஆரஞ்சு வர்ணப் பலகைகள் தோன்றுகின்றன. பலகையை மதியாதவர்களைச் சங்கொலி எழுப்புகிறது. அதற்கும் எழாதவரின் வண்டி வேறொரு தெருவில் அபராதச் சீட்டுடன் காட்சி தரும்! பிறகு யந்திரங்கள் வந்து பனியை வாரி லாரிகளில் ஏற்றுகின்றன. பழைய கல்குவாரி போன்ற இடங்களில் அது கொட்டப்படுகிறது.

ஆனால், நம் மனத்தை அதிகம் கவர்ந்தது ஜப்பானின் மேற்குக் கரையோரத்திலுள்ள தக்காடா. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, இடையேயுள்ள கடலின் ஈரத்தை அள்ளி வந்து மலைகளில் மோதி இங்கே பனியாகக் கொட்டுகிறது. 1945 பிப்ரவரியில் 377 சென்டிமீட்டர் உயரம் பனி நின்றது. ‘இதன் அடியில் தக்காடா இருக்கிறது’ என்று முன்னொரு காலத்தில் பனிமேல் பலகை நட்டதாகக் கதையும் உண்டு. அப்படியானால் ஜனங்கள் கடைக்குப் போனது எவ்வாறு? வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தம் சொந்த நிலத்தில் சில அடி தெருப்பக்கம் விட்டு, அதன்மேல் தாழ்வாரம் இறக்கியிருக்கிறார். அதற்குக் ‘கங்கி’ என்று பெயர். வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்வதால், தெருவில் பனி மலையாகக் குவிந்தாலும் அதன் கீழே தாராளமாக நடக்கலாம். நிலம் இவருடையது, கூரைச் செலவும் இவருடையது, நடப்பவரோ யாரோ ஒருவர். வழிப்போக்கருக்குத் திண்ணை விட்ட நம் பாட்டன்மாரை நினைத்துக்கொண்டோம்.

இந்த ஏற்பாட்டின் பலம் எதுவோ, பலவீனமும் அதுவே. ஒருவர் தாழ்வாரத்தை இடித்துவிட்டால் ஊராரின் பாதை அங்கே அறுந்துபோகிறது. நாம் நடந்த வீதியிலும் அத்தகைய இடைவெளிகளைக் கண்டோம். பிள்ளைகள் பெரிய நகரங்களுக்குப் போய்விட, பெற்றோரும் காலமான பிறகு, வீடு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. எஞ்சியுள்ள முதியவர்களின் பாடு இன்னும் கஷ்டம். கூரைப் பனியைத் தள்ளாவிட்டால் வீட்டுக்கு ஆபத்து. தள்ளுவதற்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து. ஜப்பானில் குளிர்காலந்தோறும் பனியால் மாள்பவர்களில் பெரும்பாலோர், இப்படிப் பனியை அகற்றப் புகுந்தவர்களே. அவர்களிலும் முதியவர்களே அதிகம்.

வீதிப் பனியை வார யந்திரம் உண்டு. யந்திரத்துக்கு வரிப்பணம் உண்டு. அடுத்த வீட்டுப் பாட்டியின் கூரையில் இன்றைக்கு எத்தனை அடி பனி என்று காலையில் நிமிர்ந்து பார்ப்பதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டியிருக்கிறது. அவர் ஊரை விட்டுப் போய்விடாமல் இருக்க வழி தேடுவதே பனிநாடுகளின் முதற் கவலையாக இருக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றுகிறது.