மலிவு விலையும் மங்கையர் உழைப்பும்

மலிவு என்ற சொல்லுக்கு மயங்காதார் யார்? "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகையைக் கண்டதும் கால் நிற்கிறது. கை பணப்பையைத் தேடுகிறது. கருத்து மட்டும் உறங்கிவிடுகிறது. பருத்தி விளைத்தவன், நூல் நூற்றவள், சட்டை தைத்தவள், ஏற்றி வந்தவன், விற்பவன் ஆகிய இத்தனை பேரும் பங்கு பெற்ற பின்பும் ஒரு சட்டை இத்துணை மலிவாகக் கிடைக்கிறதென்றால், பறிபோனது யார் பங்கு?

விடையை 2013-ஆம் ஆண்டு வங்கதேசம் உலகுக்குக் காட்டியது. டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். ஏப்ரல் 23 அன்று அதில் வெடிப்புகள் தோன்றின. அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாளும் தொழிலாளரை வேலைக்கு அழைத்தன. கூலி போய்விடுமே என்ற அச்சம் அவர்களை உள்ளே தள்ளியது. கட்டடம் சரிந்தது, 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று அவர்களின் குறைந்தபட்ச மாதக்கூலி 3,000 டாக்கா! வங்கி ஊழியருக்குக் கிடைத்த பாதுகாப்பு தையற்காரிக்குக் கிடைக்கவில்லை.

எங்கோ நடந்த துயரம் என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டா, தோழர்களே! நம் நாட்டு நூற்பாலைகளைப் பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்றொன்று நடந்தது. மணமாகாத ஏழைப் பெண்ணை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்குவது. முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கொடுப்பது. அதை வரதட்சணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது. பிடித்து வைத்த கூலிக்குப் பரிசென்று பெயர்! அடிமைத்தனத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டால் அது மங்கலமாகிவிடுமா?

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் அப்படிப் போனவர். "மூணு வருசம் முடிய ரெண்டு மாசம் இருக்கையில காய்ச்சல்ல விழுந்துட்டேன், சார். ஊருக்கு அனுப்பிட்டாங்க. கடைசிப் பணம் கைக்கு வரவேயில்லை" என்றார். இப்போது அவர் மகளையும் ஆலைக்குக் கேட்டுத் தரகர் வந்து போயிருக்கிறார். மகள் பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்பதில் அந்தத் தாய் உறுதியாக இருக்கிறார். அவருக்குத் துணை நிற்பது என் கடமை.

"அத்தகைய ஆடைகளை வாங்காமல் ஒதுக்கிவிட்டால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒதுக்குவது நல்லதே. ஆண்டுக்கு மூன்று சட்டைக்கு மேல் நான் வாங்குவதில்லை; கைத்தறிக் கூட்டுறவுக் கடையை நாடுகிறேன். ஆயினும் கைத்தறிக்கும் நூல் ஆலையிலிருந்துதானே வருகிறது! நான் தூயவன் என்று மார்தட்ட இடமில்லை. எல்லோரும் ஒரேயடியாக ஒதுக்கினால் முதலில் வேலை இழப்பவளும் அந்த ஏழைப் பெண்தான். அவள் கேட்பது நம் இரக்கத்தை அன்று. நியாயக் கூலியை, சங்கம் சேரும் உரிமையை.

அந்த உரிமை வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. ராணா பிளாசாவுக்குப் பின் தொழிற்சங்கங்களோடு 200-க்கு மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. தொழிற்சாலைக் கட்டடங்கள் சோதிக்கப்பட்டன. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணொருத்தி 2021-இல் கொலையுண்டபோது, பெண்கள் தலைமையேற்ற சங்கம் ஓயாது போராடியது. 2022-இல் பிறந்தது திண்டுக்கல் ஒப்பந்தம். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க ஆலை முதலாளி மட்டுமன்றி, ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் பொறுப்பேற்றன.

ஆகவே, இளைஞர்களே, கடையில் விலையை மட்டும் கேளாதீர்கள். "இது எங்கே தைத்தது? அங்கே சங்கம் உண்டா?" என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். ஒருவர் கேட்டால் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் தமக்குச் சரக்கு அனுப்புபவரைக் கேட்பார். ஆலை வாயிலில் பெண்கள் உரிமை கோரி நிற்கும் நாளில் அவர்கள் பக்கம் போய் நில்லுங்கள். மானம் காக்க நாம் உடுக்கும் ஆடை, அதை நெய்தவளின் மானத்தைப் பறித்து வந்ததாக இருத்தல் ஆகாது!