முகம் பார்த்துப் பேசு

நுழையும்முன்
நேரில் கேட்கும் சிரிப்பு ஒருவரை மகிழ்விக்கிறது. அதே சிரிப்பு கைப்பேசியில் வரும்போது உறக்கத்தைக் கெடுக்கிறது. இது ஏன்? தில்லியில் வாழும் தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் அனுபவத்தை இப்பாடம் கூறுகிறது.

தெற்குத் தில்லியில், தில்லி ஹாட்டுக்கு எதிரே உள்ளது ஐ.என்.ஏ. மார்க்கெட். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. மலாயாவில் வாழ்ந்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்திருந்தனர். இன்று தலைநகரில் வாழும் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் ஊரின் மணத்தை நினைவூட்டும் சந்தை அது. வாழையிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மரவள்ளிக்கிழங்கு, வஞ்சிரம், மத்தி என ஊர்ப் பொருள்கள் பலவும் அங்குக் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பில் பயிலும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சந்தையில் நின்று அரை நிமிடக் காணொளி ஒன்றை எடுத்தாள். காய்கனிகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தமிழ்ப் பெயரைச் சொன்னாள். அதை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டாள். முதல் ஒரு மணி நேரம் விருப்பக்குறிகள் வந்தன, அவள் மகிழ்ந்தாள். பின்னர் வகுப்புத் தோழி ஒருத்தி சிரிப்புக் குறியிட்டு, 'மதராசி' என்று எழுதினாள். அன்றிரவே முன்பின் அறியாத தமிழர் ஒருவர், "வாழைப்பழம் என்று சொல்ல வராதவளுக்குத் தமிழ் எதற்கு?" என்று எழுதியிருந்தார். தில்லித் தோழிக்கு அவள் மதராசி; தமிழ் பேசுவோருக்கோ தமிழ் தெரியாதவள். தனக்கென்று ஓர் ஊரே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

காணொளியை நீக்கினாள், சொற்கள் நீங்கவில்லை. நள்ளிரவில் எழுந்து, வேறு எவரேனும் ஏதேனும் எழுதியுள்ளனரா என்று பார்த்தாள். பாடத்தில் மனம் பொருந்தவில்லை, உணவும் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு சந்தைக்குச் சென்றபோது, தாய் தமிழில் கேட்டதற்கெல்லாம் இந்தியிலேயே விடையளித்தாள்.

பழக்கடைக்காரர் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர். வாடிக்கையாளர் பேசக் கேட்டுத் தமிழ் கற்றவர். "அம்மா, வாங்கோ! வாயப்பயம் புதுசு!" என்று அழைத்தார். தாய் சிரித்துவிட்டார். கடைக்காரரும் சிரித்தார். "எப்படிச் சொல்லணும், பாப்பா?" என்று சிறுமியைக் கேட்டார். அவள் தயங்கி, "வாழைப்பழம்" என்றாள். அவளுக்கும் 'ழ'கரம் முழுதாக வரவில்லை. மூவரும் சிரித்தனர். ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டார் கடைக்காரர்.

வீடு திரும்பும் வழியில், மெட்ரோ வண்டியில் அமர்ந்து, சிறுமி நடந்ததையெல்லாம் தாயிடம் கூறினாள்.

"அதை எழுதியவர் யார்?"

"தெரியாது, அம்மா."

"கடைக்காரரும் சொல் தவறினார், நாமும் சிரித்தோம். அவர் ஏன் வருந்தவில்லை?"

சிறுமி சற்று எண்ணிப் பார்த்தாள். "நாம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். அவரும் நம் முகத்தைப் பார்த்தார்" என்றாள்.

அவள் கண்டறிந்தது உண்மை. நேரில் சிரிப்பவரின் கண்களில் இருப்பது அன்பா, ஏளனமா என்பது தெரியும். கேட்பவரின் முகம் வாடினால் சிரித்தவர் நிறுத்திக்கொள்வார். கைப்பேசியில் எழுதுபவரோ வாடிய முகத்தைக் காண்பதே இல்லை. எழுதியவர் மறந்த பின்னும் அவருடைய எழுத்து, திறக்குந்தோறும் புதிதாய்ச் சுடுகிறது.

மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர் என்பதை 1954இல் லியான் பெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் விளக்கினார். முன்பு அவ்வொப்பீடு பெரும்பாலும் தெருவோடும் வகுப்போடும் நின்றது. 2009இல் முகநூலில் விருப்பக்குறி அறிமுகமானபின், அது எண்ணிக்கையாகி எல்லார் கண்ணிலும் பட்டது. எவ்வளவு தள்ளினாலும் முடிவுறாத திரையமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்தினார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கைப்பேசிக்கு விடுமுறை நாள் இல்லை. வைத்திருப்பவரே அதற்குக் கதவடைக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

அவ்வீட்டில் அன்று முதல் எல்லாக் கைப்பேசிகளும், தந்தையுடையது உட்பட, இரவு ஒன்பது மணிக்குக் கூடத்து அலமாரிக்குச் சென்றன. விருப்ப எண்ணிக்கையை மறைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021 முதல் அளித்துவருகிறது. சிறுமி அதைப் பயன்படுத்தினாள். முகமறியாதவரைத் தடை செய்தாள். தோழியைத் தடை செய்யவில்லை; பள்ளியில் நேரே சென்று, "நீ எழுதியது எனக்கு வலித்தது" என்றாள். தோழி திடுக்கிட்டாள். "விளையாட்டாக எழுதினேன், நீ அழுவாய் என்று நினைக்கவில்லை" என்று தலைகுனிந்தாள்.

எல்லா வருத்தமும் இவ்வாறு எளிதில் தீர்வதில்லை. துயரம் நீடித்தால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லத் தயங்கக் கூடாது. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மறுவாரம் கடைக்காரர் அவர்களைத் தொலைவிலேயே கண்டு குரல் கொடுத்தார். "வாழப்பயம்!" பாதி 'ழ'கரம் வந்திருந்தது. சிறுமி கைதட்டினாள். அதை எவரும் படமெடுக்கவில்லை.

சொல்லும் பொருளும்
கொசுறு – விலையின்றி மேலாகத் தருவது
ஏளனம் – இகழ்ச்சி
நடுவண் அரசு – மத்திய அரசு

எண்ணி எழுதுக
1. முகமறியாதவரைத் தடை செய்த சிறுமி, தோழியைத் தடை செய்யாதது ஏன்?
2. விளையாட்டாக நீ எழுதிய சொல் எவரையேனும் வருத்தியதுண்டா? அவரிடம் நேரில் என்ன கூறுவாய்?
3. உன் பகுதியில் தமிழ் கேட்கும் கடை ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.