குறிப்பறியும் மருந்து

தமிழ் பயிலும் எமக்கும் இரசாயன சாலைக்கும் யாது தொடர்பு என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். எம் அத்தையாரின் நோயே எம்மை அச்சாலையின் வாயிலிற் கொண்டு நிறுத்தியது என்பதை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

அத்தையாருக்கு மார்பிற் புற்றுநோய் கண்டபோது யாம் பள்ளி மாணவராயிருந்தோம். டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்தை மருத்துவர் இரத்தக் குழாய் வழியே செலுத்தினர். நோய் தணிந்தது, தலைமயிரும் உதிர்ந்தது. நான்கு படி ஏறுமுன் அவர் மூச்சு வாங்கி அமர்வார். இதற்குமேற் செலுத்தின் இருதயம் தாங்காதென்று மருத்துவர் ஓரளவில் நிறுத்திவிட்டனர். நோயைக் கொல்ல வந்த மருந்து நோயாளியை ஏன் வருத்துதல் வேண்டும் என்று அன்று வினாவினோம். அம்மருந்துக்குப் பகையும் உறவும் தெரியாது. குருதி செல்லுமிடமெல்லாம் தானும் செல்லும் என்பதே விடை.

சென்ற ஆண்டு நோய் மீண்டது. மீண்டும் அதே மருந்து என்று கேட்டு அஞ்சினோம். மருத்துவரோ, "மருந்து அதுவே, கலம் வேறு" என்றார்.

அச்சொல்லின் பொருளை விடுதியில் எம் அறைத் தோழரிடம் கேட்டோம். அவர் இரசாயனம் பயில்பவர். சோப்பு ஒன்றைக் கையிலெடுத்து விளக்கலானார். கொழுப்பு மூலக்கூறுகள் சிலவற்றுக்குத் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். நீரிலிட்ட அளவில் அவை வாலோடு வால் சேர்ந்து, தலையைப் புறத்தே நிறுத்தி, உள்ளே வெளியுடைய உருண்டையாகத் தாமே கூடிவிடும். வனையும் குயவன் இல்லை. நிலைமொழியும் வருமொழியும் தத்தம் ஈறும் முதலும் நோக்கிப் புணர்வதை நினைந்து யாம் வியந்தோம். இவ்வுருண்டைகளை 1960-களில் இங்கிலாந்தில் ஆராய்ந்து விளக்கியவர் அலெக் பேங்கம். டாக்சோரூபிசினை உள்ளடக்கிய இத்தகைய நுண்கலத்தை அமெரிக்க அரசு 1995-இல் ஏற்றது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 100 நானோமீட்டர். தலைமயிர்ப் பருமனில் ஆயிரத்தொரு பங்கு என்னலாம். புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் செம்மையின்றி வளர்ந்து ஒழுகுவன; அவ்வழியே பெருமூலக்கூறுகள் கட்டியுட் சென்று தங்கும் என்று 1986-இல் ஜப்பானியராகிய மட்சுமுராவும் மயேடாவும் காட்டினர்.

"கட்டியை அடைந்தபின் கலத்தைத் திறப்பவர் யார்?" என்றோம்.

"நல்ல வினா; இன்று பலரும் உழைப்பது அதன் பொருட்டே" என்றார் தோழர். குருதியின் பி.எச். அளவு 7.4. கட்டியைச் சூழ்ந்த இடம் அதனினும் சற்றுப் புளிப்புடையது. கலம் உயிரணுவினுள் விழுங்கப்பட்டால் ஆங்குள்ள அறைகளிற் புளிப்பு இன்னும் மிகும். அப்புளிப்பில் அறுபடும் பிணைப்பால் மருந்தைக் கட்டிவைத்தால், குருதியில் வாய்மூடிச் சென்ற கலம் ஆங்கே வாய்திறக்கும். கட்டியை மட்டும் 40 பாகைக்குச் சற்று மேலாகச் சூடேற்றித் திறக்கும் கலமும் உண்டு. அவ்வெண்ணம் அமெரிக்காவில் 1978-இலேயே வெளியாயிற்று. இடமறிந்து, குறிப்பறிந்து பேசுவாரை அவையறிந்தார் என்கின்றோம். மருந்துக்கும் அவ்வறிவைப் புகட்ட முயல்கின்றனர்.

முயற்சி இன்னும் முற்றவில்லை. வெம்மையால் திறக்கும் கலத்தை ஈரல் புற்றுநோயாளர் 701 பேரிடம் ஆய்ந்தபோது, கருதிய பயன் கிட்டவில்லை என 2013-இல் அறிவித்தனர். விலங்குகளிற் செய்த பல ஆய்வுகளை 2016-இல் தொகுத்து நோக்கியவர்கள், செலுத்திய நுண்கலங்களுள் கட்டியைச் சேர்வது நடுவளவாக நூற்றுக்கு 0.7 பங்கே எனக் கண்டனர். இதைக் கேட்ட இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அத்தையாருக்குச் செலுத்திய கலமும் குறிப்பறியும் வகையினதன்று. இருதயத்துக்கு இழைக்கும் தீங்கைக் குறைப்பதே அதன் சிறப்பு. அதற்கும் ஒரு விலையுண்டு: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் வீடு சென்றபோது, விண்மீன் விளக்குக் கட்டும் இடத்தைக் காட்ட அவரே மாடிக்கு ஏறி வந்தார். "இம்முறை மூச்சு வாங்கவில்லை, தம்பி, கைதான் எரிகிறது, கயிற்றை நீ பிடி" என்றார். பிடித்தோம்.

அறிவியல் வகுப்பிற் பயிலும் அன்பர்காள்! நும் ஆய்குழாயினுள் தாமே கூடும் அவ்வுருண்டைகளை எளியனவென்று எண்ணற்க. அவை இடமறிந்து வாய்திறக்கும் நாளை எதிர்நோக்கி, எரியும் கைகளோடு காத்திருப்பவர் எம் வீட்டிலும் ஒருவர் உளர்.