வெள்ளைக்கல் மோதிரம்

கனடாவிலுள்ள மகன் தொலைபேசியில் கேட்டான்: "அம்மா, நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எந்தத் தர வைரம் எடுக்கிறது?" வைரத்தின் நிறத்தை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிப்பார்களாம். 'டி' நிறமே இல்லாதது, விலை மிக அதிகம். 'இசட்' இளமஞ்சள். இடையிலுள்ள 'ஜே' கல்லை மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அதன் மெல்லிய மஞ்சள் இலேசில் தெரியாதாம். "ஆனால், குறைந்த கல் என்று அவள் நினைப்பாளோ?" என்றான்.

2009இல் வன்னியில் என் வெள்ளைக்கல் மோதிரத்தைக் கொடுத்துத்தான் கைக்குழந்தையாயிருந்த மகளுக்குப் பால்மா வாங்கினேன். அன்று கல்லின் நிறத்தை யார் பார்த்தார்கள்?

"அவளிடமே கேள், தம்பி. 'ஜே' பிடித்தால் எடு. மிச்சக் காசை அவள் பெயரில் வங்கியில் போடு" என்றேன்.

மறுநாள் அவளே அழைப்பெடுத்தாள். "மாமி, எனக்கும் 'ஜே' போதும்" என்றாள்.

ஆபத்துக்கு உதவும் சேமிப்பின் அருமை எங்களுக்குத் தெரியாததா, சகோதரிகளே?