மொட்டை மாடியும் 130 மில்லிமீட்டர் குழியாடியும்

டிசம்பர் 21, 2025, ஞாயிறு

மழை ஓய்ந்து கோவில்பட்டி வானம் பளிச்சென்று ஆகிவிட்டது. அக்கா மகள் போனை நீட்டினாள். "மாமா, இந்த டெலஸ்கோப் 500 மடங்கு பெருசாக் காட்டுமாம். விலையும் கம்மிதான்."

மடங்கு கொட்டை எழுத்தில் இருந்தது. லென்ஸின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்பது பொடி எழுத்தில். பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். விட்டத்தை இரண்டால் பெருக்கினால் வருவதே உருப்படியாகப் பயன்படும் உச்ச மடங்கு, 60க்கு 120. அதற்கு மேல் போனால் உருவம் பெருக்கும், தெளிவு போய்விடும். கூட ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடியும் தருகிறார்களாம், கண்ணருகு லென்ஸில் திருகிக்கொண்டு சூரியனைப் பார்க்க. குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் அந்த நொடியே கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும். பெட்டியோடு வரும் கறுப்புக் கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

டிசம்பர் 23, செவ்வாய்

130 மில்லிமீட்டர் குழியாடி என்று முடிவாயிற்று. 70 மில்லிமீட்டர் லென்ஸைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும்.

தாங்கியில்தான் குழப்பம். எடைக்கட்டி தொங்கும் ஈக்வடோரியல் தாங்கி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் நிற்கும். இங்கே 9 டிகிரிதான். எங்கள் மாடியில் வடக்கே பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் பல தாங்கிகளில் எடைக்கட்டி முக்காலியின் காலில் முட்டும். தென்தமிழ்நாட்டில் முதல் தொலைநோக்கி வாங்குபவருக்கு அந்தத் தாங்கி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இடவலமும் மேல்கீழும் கையால் தள்ளும் டாப்சன் தாங்கி போதும். ஜான் டாப்சன் 1915இல் பீஜிங்கில் பிறந்தவர். ராமகிருஷ்ண மடத்தோடு இணைந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தார். கழித்துப் போட்ட கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்கார வைத்து, தெருவோரம் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டியவர். அவர் பெயர்தான் இந்தத் தாங்கிக்கு.

டிசம்பர் 30, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. குவியத் தொலைவு 650 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கண்ணருகு லென்ஸைப் போட்டால் 26 மடங்கு, 10 மில்லிமீட்டருக்கு 65 மடங்கு. குறிபார்க்கும் சிவப்புப் புள்ளியைப் பகலிலேயே சரிசெய்தோம். சூரியனுக்கு எதிர்த்திசையில், தூரத்து செல்போன் டவரின் உச்சியைத் தொலைநோக்கியின் நடுவில் கொண்டுவந்து, புள்ளியும் அதே உச்சியில் உட்காரும்வரை திருகாணியைத் திருப்பினோம். டவர் தலைகீழாகத்தான் தெரிந்தது. வானத்துக்கு மேலேது, கீழேது?

ஜனவரி 3, 2026, சனி

திருவாதிரை. களி சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனோம். முழு நிலாவும் பக்கத்திலேயே வியாழனும், வெறுங்கண்ணுக்குக் கொள்ளை அழகு. தொலைநோக்கியில் நிலா கண்ணைக் கூச வைத்தது; நிழல் விழாததால் பள்ளம் மேடு எதுவும் தெரியவில்லை. பௌர்ணமியை வெறுங்கண்ணால் ரசிப்பதே நல்லது.

ஜனவரி 7, புதன்

1610இல் இதே தேதியில்தான் கலிலியோ வியாழனருகே மூன்று சிறு 'நட்சத்திரங்களை'க் குறித்து வைத்தார். நான்காவது 13ஆம் தேதி தெரிந்தது. வரும் 10ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. பார்க்க இதைவிட நல்ல வாரம் அமையாது.

ஏழு மணிக்கு உருவம் கொதிநீர் வழியே பார்ப்பதுபோல் நெளிந்தது. காங்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டிருந்தது, குழியாடியும் ஆறவில்லை. அரைமணி முன்னதாகவே வெளியே வைத்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வியாழன் அடங்கி நின்றது. 65 மடங்கில் இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரிந்தன. கலிலியோ கண்ட 'நட்சத்திரங்கள்' அதன் நிலவுகள்தான்; நேற்றிருந்த அவற்றின் வரிசை இன்று மாறிப் போயிருந்தது. அவற்றில் ஒன்றான அயோ 42 மணி நேரத்திலேயே ஒரு சுற்று முடித்துவிடுகிறது. பூமி சுழல்வதால் மூன்று நிமிடத்துக்குள் கோள் காட்சியை விட்டு நழுவுகிறது. குழாயை விரலால் லேசாகத் தள்ளினால் திரும்ப வந்துவிடும். கோளைத் தானாகத் தொடரும் மோட்டாருக்குக் கொடுக்கும் பணத்தை ஆடியின் விட்டத்தில் போடுவதே மேல்.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. பொழுது சாய்ந்ததும் மேற்கே சனி. வளையம் இந்த ஆண்டு ஒரு கோடாகத்தான் தெரிகிறது. சென்ற மார்ச்சில் அது நமக்கு நேர்விளிம்பு காட்டியது. இனி ஆண்டுக்காண்டு விரிந்து 2032இல் உச்சம் தொடும். மனம் தளர வேண்டாம்.

வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே, 26 மடங்கில், சாம்பல் நிறப் புகை. நேராக உற்றுப் பார்த்தால் மங்கும்; பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் சிறகு விரித்தது போல் தெரியும். நடுவே நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள். புகைப்படத்தில் வரும் சிவப்பும் நீலமும் நம் கண்ணுக்குத் தெரியாது. அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். 1,300 ஆண்டுகளுக்கு மேல் பயணப்பட்டு வந்த ஒளி என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 26, திங்கள்

வளர்பிறையில் அரை நிலா. தெருப் பிள்ளைகள் மாடி நிறைய. இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் அப்பெனைன் மலைத்தொடரின் முகடுகள் வெயிலில் மின்னின. எதிர்வீட்டு ஆச்சி பேரனை விலக்கிவிட்டுக் குனிந்தவர், "ஏ தம்பி, இம்புட்டுப் பள்ளமா கெடக்கு!" என்று வெகுநேரம் நகரவேயில்லை.

எல்லோரையும் மார்ச் 3ஆம் தேதிக்கு அழைத்திருக்கிறேன். அன்று முழுச் சந்திர கிரகணம். இங்கே நிலா உதிக்கும்போது முழு மறைப்பு முடிந்திருந்தாலும், ஒரு பகுதி நிழலில்தான் இருக்கும். அதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. கிழக்கு அடிவானம் மறைக்காத மாடி போதும். சூரியன் மறைவதற்குள் ஏறிவிடுங்கள், 6.47க்கு நிழல் விலகிவிடும்.